கைத்தடியில் டெல்ச் வில்லை

"என் பெண்டாட்டி இந்த ஊருக்கு வந்ததே கிடையாதுங்க. ஆனா அவ கைத்தடி வந்திருக்கு."

செக் நாட்டின் டெல்ச் நகரில், குளத்தங்கரையில் அன்று காலை இரண்டு கேரவன்கள்தான் நின்றன. ஒன்றின் வாசலுக்கு மற்றதன் சொந்தக்காரர் யாரோமிர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த க்வெதா, காவல்துறைத் தடயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அவள் தம்பி ராதிம் வேலையே பார்க்காமல் ஓய்வுபெற்றவன் என்பது அவளுடைய கேலி.

கோட்டைக்கோ மலைக்கோ போனால், அந்த ஊரின் படம் பொறித்த சிறு தகர வில்லையை வாங்கிக் கைத்தடியில் ஆணியடித்துக்கொள்வது நடைப்பிரியர்களின் வழக்கம். தடி போகாத ஊரின் வில்லையை அடிப்பது மானக்கேடு. யாரோமிரின் மனைவி லிபுஷே இதில் ரொம்பக் கறார். அவள் இறந்த பிறகு கேரவன் அலமாரியில் கிடந்த தடியை, அவளுக்கு ஊரைக் காட்டுவதுபோல் கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்று அவர் இன்றுதான் எடுத்திருந்தார். அதில் டெல்ச் வில்லை இருந்தது.

"கார்ல்ஷ்டெய்ன் வில்லைக்கும் லிப்னிட்சே வில்லைக்கும் நடுவுல இருக்கே! போன வரிசையிலதான் அடிப்பாங்களா?" என்றான் ராதிம்.

"வரிசை மாறவே மாறாது. கார்ல்ஷ்டெய்ன் போனப்ப என் மக ஹெட்விகா நடை பழகிட்டிருந்தா. லிப்னிட்சே போனப்ப பள்ளிக்கூடம் சேர்ந்துட்டா. நடுவுல ஒரு கோடையில டெல்ச் போகணும்னு லிபுஷே கெஞ்சினா. வாரக்கடைசியில போய்த் தங்குற வீட்டுக்கு நான் கூரை போட்டுக்கிட்டிருந்தேன். அடுத்த வருஷம்னு சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னேன்."

"அப்ப வேற யாரோடயோ..." என்று ஆரம்பித்தான் ராதிம்.

"காப்பியைக் குடிடா," என்றாள் க்வெதா.

"அவர் சொல்றதுதான் எனக்கும் தோணுது," என்றார் யாரோமிர். "யாரோட வந்தான்னு தெரியாம இந்த ஊர்ச் சதுக்கத்துல நான் கால் வைக்க மாட்டேன். சாயந்தரம் வண்டியைத் திருப்பிடுவேன்."

க்வெதா அவருடைய கேரவனுக்குப் போய், புது உறை போட்ட இருக்கையில் உட்கார்ந்து தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லிப்னிட்சே வில்லை ஓர் ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை விலக்கினால் உள்ளே மரம் வெளுப்பாக இருந்தது. எல்லா வில்லைக்கும் பித்தளை ஆணி. டெல்ச்சுக்கு மட்டும் கறுப்புத் தலைப் பொடி ஆணி.

"இருக்கை உறை நல்லாருக்கே. யார் போட்டது?"

"ஹெட்விகாதான். இந்த வசந்தத்துல போட்டா."

"அதைப் போய் பெரிசா சொல்லிக்கிட்டு!" என்றாள், அப்பாவோடு வந்திருந்த ஹெட்விகா, உள்ளே இருந்து வந்தபடி. "வாங்க அக்கா, ஊரைப் பார்த்துட்டு வருவோம். எனக்கும் புது ஊருதான். பாலத்தைத் தாண்டினா ஒரு ரொட்டிக்கடை. பாப்பி விதை பன்னு சீக்கிரம் தீர்ந்துடும்."

ராதிமையும் சேர்த்துக்கொண்டு மூவரும் போனார்கள். அரண்மனையில் செருப்பின்மேல் கம்பளி உறை மாட்டிக்கொண்டு பளிங்குத் தரையில் ராதிம் வழுக்கினான். சதுக்கத்தில் வளைவுகளின் நிழலில் ஒரு முகப்பு மஞ்சள், அடுத்தது இளஞ்சிவப்பு என்று வீடுகள் தோளோடு தோள் நின்றன. ஹெட்விகா எதையுமே புதிதாகப் பார்ப்பவள்போல் பார்க்கவில்லை.

மாலையில் திரும்பியபோது யாரோமிர் ஓட்டுநர் இருக்கையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் க்வெதா. அவர் தலையசைத்ததும், டெல்ச் வில்லையைக் கத்திமுனையால் நெம்பினாள். "வெயில் பட்டா மரம் கறுக்கும். வில்லை மூடின இடம் வெளுப்பாவே இருக்கும். லிப்னிட்சேக்கு அடியில வெளுப்பு. இங்க பாருங்க, தடி மாதிரியே கறுப்பு. இந்த இடம் பல வருஷம் திறந்து கிடந்திருக்கு. வில்லை இப்பத்தான் வந்திருக்கு."

"அக்கா, அப்ப அந்த அம்மா வரவே இல்லையா?" என்று கேட்டான் ராதிம்.

"வரலை. வரிசை மாத்தாதவங்க, வராத ஊருக்கு ஒரு வில்லை அளவு இடம் விட்டுட்டுத்தான் லிப்னிட்சேயை அடிச்சிருக்காங்க. அந்த இடத்தை நிரப்பின கறுப்பு ஆணி இதோ, புது உறை போட்ட இந்த இருக்கை ஓரத்துலயும் இருக்கு." ஹெட்விகாவைப் பார்த்தாள். "புது ஊருல ரொட்டிக்கடையில எது சீக்கிரம் தீரும்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

ஹெட்விகா தரையைப் பார்த்தாள். "மே மாசம் நான்தான் தடியை இங்க கொண்டுவந்தேன்ப்பா. ஒரு தடவையாவது இந்தத் தடியை டெல்ச்சுக்குக் கொண்டுபோன்னு அம்மா ஆஸ்பத்திரியில கேட்டாங்க. அப்பல்லாம் ஊர் பேரைச் சொன்னாலே நீங்க எழுந்து போயிடுவீங்க. எப்படிச் சொல்ல?"

யாரோமிர் வண்டிச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். தடியை வாங்கிக்கொண்டு இறங்கினார். குளத்துக்கு அப்பால் முகப்புகளின்மேல் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது.

"அப்ப அவ இதைப் பார்க்கவே இல்ல," என்றார். "யாரோடயாவது வந்து பார்த்திருக்கலாம்."