தொட்டால் அடங்கும்

தானே புயல் அடித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடலூர் முதுநகரில் சார்லஸ் வீட்டுக் கூரையில் பாதி இன்னும் நீலத் தார்ப்பாய்தான். பிற்பகல் இரண்டு மணிக்குப் போனேன். அவன் மனைவி ஜான்சி கதவைத் திறந்து, உள்ளறையைக் காட்டினாள்.

சார்லஸ் மஞ்சள் காமாலையில் இறந்தது புயலுக்கு முந்தைய மாதம். அவனும் நானும் மஞ்சக்குப்பத்தில் ஏழு வருடம் சேர்ந்து கடை நடத்தினோம். எலக்ட்ரிக் கிட்டார் செய்வோம், பழுது பார்ப்போம். வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, சார்லஸ் இல்லையா என்பார்கள். இல்லை என்றால் நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். அவன் இறந்த பிறகும் இரண்டு பேர் அப்படிக் கேட்டார்கள். உயிரோடு இருப்பவனையாவது ஒருநாள் முந்திவிடலாம். இறந்தவன் இனி ஒரு தப்பும் செய்யப்போவதில்லை.

அறையில் வார்னிஷும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை. மேஜைமேல் அவன் செய்த கடைசி கிட்டார் கிடந்தது. அண்ணாகிராமத்துப் பலா மரம். மஞ்சள் மாறாமல் இழைத்திருந்தான். சிதம்பரத்தில் பேண்டில் வாசிக்கும் கதிரவன் கேட்டுச் செய்தது. நான்கு மணிக்கு வாங்கிப்போக வருகிறான்.

"தந்தி மட்டும் கட்டிக் குடுங்கண்ணே," என்றாள் ஜான்சி. "உள்ள ஒண்ணையும் மாத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போற மொத நாளு வரைக்கும் அவுரு ஒக்காந்து சுத்துனது."

சரி என்றேன். அவள் சமையலறைக்குப் போனதும் கிட்டாரின் முகப்புத் தகட்டைக் கழற்றினேன்.

கிட்டாரின் குரல் பாதி மரத்தில், பாதி பிக்கப்பில். தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தம் அது. அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஏழாயிரம் சுற்று. நான் சுற்றிய ஒன்று என் பையில் இருந்தது. மூன்று வாரம் சுற்றியது. இரண்டு முறை அறுந்து, மறுபடி தொடங்கியது. அதை இன்னும் யாரும் கேட்டதில்லை. அவனுடையதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னுடையதை வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். கதிரவன் வாசித்துவிட்டு, இது யார் வேலை என்று கேட்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அந்த ஒரு கேள்விக்குத்தான். அப்போது ஜான்சிக்கு என்ன பதில் சொல்வேன் என்று யோசிக்கவே இல்லை.

தந்திகளைக் கட்டி, கிட்டாரின் ஒயரை ஒலிபெருக்கும் ஆம்பில் சொருகினேன். முனகியது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. இந்த வகை கிட்டார் எல்லாமே முனகும். வாசிப்பவன் கை தந்தியில் பட்டதும் அடங்கும். உள்ளே ஓர் எர்த் ஒயர் தந்திகளோடு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மனிதக் கை பட வேண்டும்.

கிட்டாரை மேஜையில் விட்டுவிட்டு, கம்பி நறுக்கியைத் தேடி ஜன்னல் பக்கம் போனேன்.

முனகல் அடங்கியது.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பின் சிவப்பு விளக்கும் எரிந்தது.

திரும்பினேன். முனகல் மறுபடி வந்தது.

நின்ற இடத்திலேயே நின்று பார்த்தேன். வெகுநேரம். ஈயம் உருகும் வாசனை வந்தது. என் சால்டரிங் அயர்ன் எப்போதோ ஆறியிருந்தது.

மறுபடி அடங்கியது.

மூன்றாவது தந்தி, கழுத்தில் விரல் வைக்கும் இரண்டாம் கட்டையோடு அழுந்திக் கிடந்தது. மேலே விரல் இல்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்து, பிறகு மெல்ல எழும்பியது. கூடவே முனகலும்.

கிட்டே போக என்னை எது தள்ளியது என்று தெரியவில்லை. பயம் இல்லை. இப்போதும் அவன்தான் முதலில் தொடுகிறானா என்ற எரிச்சல். தந்திகள்மேல் கை வைத்தேன்.

அடங்கவில்லை.

எர்த் ஒயரைப் பற்றவைக்க மறந்திருப்பேன் என்று நினைத்தேன். மல்ட்டி மீட்டரை வைத்துப் பார்த்தேன். கீச்சென்றது, இணைப்பு சரியாகத்தான் இருந்தது. ஐந்து விரலையும் வைத்தேன். முழு உள்ளங்கையையும் வைத்தேன்.

முனகிக்கொண்டே இருந்தது. அங்கே கையே இல்லாதது போல.

"என்னண்ணே இப்பிடி எரையுது?"

ஜான்சி டீயோடு வந்திருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு ஒரு விரலால் தந்தியைத் தொட்டாள். அறை அமைதியானது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"உள்ள எதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லம்மா."

தலையாட்டினாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.

கதிரவன் பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. வரும் வழியில் விழுந்து கிடந்த மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே கிட்டாரை மடியில் வைத்தான். அவன் கைக்கும் அடங்கியது. வாசித்தான். அடித்தொண்டையில் யாரோ பேசுவதைப் போன்ற ஒலி. மேலே போகப்போகத் தேன் இழுபடுவது போல. அது என் சுற்று. என் மூன்று வாரம். என் வாழ்நாளில் என் கையிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லை.

கதிரவன் நிறுத்திவிட்டுக் கிட்டாரின் கழுத்தைத் தடவினான்.

"சார்லஸ் அண்ணன் கைதாண்ணே. வேற யாருக்கும் இது வராது."

வாயைத் திறந்தேன். ஜான்சி அழுதுகொண்டிருந்தாள். அடக்கத்தன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. அவுருதான், அவுருதான் என்று சொல்லிக்கொண்டே என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்தேன். தெருவில் ஷேர் ஆட்டோ சத்தம், நல்ல வெயில். சார்லஸ் இறந்த பிறகு நான் தனியாகச் செய்த கிட்டார் ஒன்று சுவரில் தொங்கியது. அவன் அதைப் பார்த்ததுகூட இல்லை. எடுத்து ஆம்பில் சொருகினேன். முனகியது. ஆறு தந்திமேலும் உள்ளங்கையை அழுத்தினேன்.

முனகியது.

எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தேன் என்று தெரியாது. விரல்களில் தந்தி பதிந்து சிவந்துவிட்டது.

கையை எடுத்தேன்.

அடங்கியது.