எச்சில் பட்ட தண்ணீர்

தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருந்தது.

கல்யாணக்காரர் பல்கூட விளக்காமல் குனிந்து பார்த்தார். நேற்று சாயங்காலம் தண்ணீர் ஊற்றி முடித்ததும் கண்ணாடித் தொட்டியின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். குழாய்களில் சிக்கிக்கொண்ட காற்று மெல்ல மெல்லக் குமிழாக வெளியே வரும், அந்த இடத்தைத் தண்ணீர் போய்ப் பிடித்துக்கொள்ளும், அதனால் விடிந்ததும் மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருக்கும் என்றுதான் சாமான் விற்ற கடைக்காரத் தம்பி சொல்லியிருந்தான். இப்போது கோடு தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது.

மூடிய குழாய். மூடிய தொட்டி. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போக வழி கிடையாது. மூடியைத் திருகிப் பார்த்தார், அசையவில்லை. இணைப்புகளுக்கு அடியில் ஒழுகினால் தெரியட்டும் என்று விரித்து வைத்திருந்த டிஷ்யூ பேப்பர்கள் எல்லாம் அப்பளம் மாதிரி மொறமொறப்பாக இருந்தன. கோட்டைத்தான் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வாய் ஒட்டுகிறதே என்று அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். போனவர் சொம்பை அண்ணாந்து காலி செய்துவிட்டு, இன்னொரு சொம்பும் குடித்தார்.

ஊராரின் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவர் தொழில். அதனால்தான் கல்யாணக்காரர் என்று பேர். சொந்தக் கல்யாணத்தை ஒட்டத் தெரியவில்லை என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிக்கிறவர்களும் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும், சொன்னது பொய்யில்லை. நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி மாட்டிய அந்த அறையில் அவருடைய பழைய கம்ப்யூட்டர் பகல் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். சூடு ஏற ஏற ஃபேன்கள் கத்தும். சாப்பிட வா என்று கூப்பிடுவதற்குக்கூட மனைவி வந்து தோளைத் தட்ட வேண்டும்.

"நான் உங்களுக்குத்தான் வாக்கப்பட்டேன், மாவு மில்லுக்கு இல்லை" என்பாள். வருஷக்கணக்காகச் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்தினாள். ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளி இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கதவைச் சாத்தியதுகூட அந்த இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. பசித்து எழுந்து போனபோதுதான் வீட்டில் யாரும் இல்லை என்பது தெரிந்தது. போன் செய்தார். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சத்தம் நின்னா சொல்லுங்க, வர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

அதற்காகத்தான் இந்தப் புது மிஷின், தொட்டி வைத்த கம்ப்யூட்டர். ஃபேனுக்குப் பதில் தண்ணீர். பிராசஸர் மேல் ஒரு செம்புத் தகடு, கிராஃபிக்ஸ் கார்டு மேல் ஒன்று. பம்ப் தள்ளுகிற தண்ணீர் அந்தத் தகடுகளின் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய் ஆறி, தொட்டிக்குத் திரும்பி, மறுபடி கிளம்பும். "மூச்சுச் சத்தம்கூட வராதுண்ணே" என்று கடைக்காரத் தம்பி சத்தியம் செய்தான். விற்கிறவன் வாயை நம்பக் கூடாது. இவர் நம்பினார், தனியாக இருக்கிறவருக்கு நம்புவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழாயாக அளந்து வெட்டி, ஒவ்வொரு மூட்டாக இறுக்கி, பிள்ளைக்கு முடி வாருவது போல வயர்களைப் படிய வாரிக் கட்டினார். மேஜையருகில் அவளுக்குப் பிடித்த இடத்தில் வந்து உட்கார்ந்தால் தொட்டிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிகிற மாதிரி மிஷினை வைத்தார்.

கடைசியில் தண்ணீர் ஊற்றும்போதுதான் மக்கர் செய்தது. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான். தொட்டி நிரம்பியது, பம்புக்கு மட்டும் இறங்க மறுத்தது. எங்கோ காற்று அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் கருகிவிடும். அவர் யோசிக்கவில்லை. டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்கிறவன் செய்வதைச் செய்தார். குழாயின் ஒரு முனையைக் கழற்றி, வாயை வைத்து உறிஞ்சினார்.

வந்தது. சப்பென்று நாக்கில் வந்து மோதியது. திடுக்கிட்டு வாயை எடுப்பதற்குள் பாதி அவர் வாய்க்குள்ளும் பாதி எச்சிலோடு குழாய்க்குள்ளும் போய்விட்டது. முனையைச் சொருகி இறுக்கி, பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்தார்.

மடக்.

விழுங்குகிற சத்தம். அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

இப்போது காலையில், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டார்.

"வாய் வெச்சா உறிஞ்சுனீங்க? ஐயோ அண்ணே, எச்சில் பண்ணிட்டீங்களே!"

"ஒரு வாய்தான்பா."

"ஒரு வாயோ ஒம்பது வாயோ, எச்சில் எச்சில்தான். பாசி பிடிச்சுக்கும். இனி அதை வேற யார் தலையிலயும் கட்ட முடியாது. உங்க ருசி கண்டுடுச்சு, உங்களைத்தான் கட்டிக்கிட்டு அழும்." அவன் சிரித்தான்.

"சிரிக்காதே. மட்டம் ஏறுது."

"ஏறாதுண்ணே. இறங்கும், இல்லாட்டி நிக்கும். ஏறவே ஏறாது. கண்ணாடியை மாத்துங்க, தொட்டியை இல்லை, நீங்க போட்டிருக்கிறதைச் சொல்றேன். எதுக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டு வேற ஊத்திடுங்க."

கொட்டினார். அடியில் இருந்த சின்னத் திருகைத் திறந்து வாளியில் பிடித்தார். தண்ணீர் லேசான மஞ்சளாக, விளக்கெண்ணெய்க்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிற பதத்தில் வந்தது. தொட்டி காலியானது. திருகை மூடிவிட்டு நிமிர்ந்தவருக்குக் கண் இருட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொண்டைக்குள் யாரோ மணல் தாளைத் தேய்த்த மாதிரி இருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்த்தார். காலித் தொட்டியின் அடியில் ஒரு சொட்டு ஊறியது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தன. பிறகு நிதானமாக, அவசரமே இல்லாமல், பால் பொங்குவது போல மட்டம் ஏறத் தொடங்கியது. அது ஏற ஏற, அவருடைய உதட்டில் தோல் இழுத்துப் பிடித்து வெடிப்பது அவருக்கே கேட்டது.

விரலை வாளியில் தொட்டு நாக்கில் வைத்தார்.

உப்பு.

வாளியிலிருந்து ஒரு வாசம் வந்தது. தெரிந்த வாசம்தான், எங்கே என்று பிடிபடாமல் நின்று, பிறகு பிடிபட்டது. அவர் தலையணையின் வாசம். கண்ணாடியில் கையை வைத்தார். மிஷினை இன்னும் போடவே இல்லை, பம்பைத் தவிர அதில் எதுவும் ஓடவில்லை. ஆனாலும் தொட்டி வெதுவெதுப்பாக இருந்தது. மற்றக் கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அதே சூடு.

பிளக்கைப் பிடுங்கினார். பம்பின் விளக்கு அணைந்தது. பம்ப் நிற்கவில்லை, தண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாசலுக்கு ஓடினார். மழை தூறிக்கொண்டிருந்தது. பகல்தான், ஆனாலும் தெரு சாம்பல் பூசினாற்போல் மங்கிக் கிடந்தது, ஆள் நடமாட்டம் இல்லை. தெருவில் நடக்க நடக்க, பின்னால் வீட்டை நோக்கி ஓர் இழுப்பு கூடியது. வீட்டிலிருந்து விலகும் ஒவ்வொரு அடிக்கும் உடம்புக்குள்ளிருந்து ஒரு நூலை உருவுவது போல. முக்குவரைகூடப் போக முடியவில்லை. அண்ணாந்து மழைக்கு வாயைத் திறந்தார். துளிகள் நாக்கில் விழுவது தெரிந்தது. நாக்கு நனையவில்லை. மழையில் நின்றுகொண்டு தாகத்தில் சாகப்போகிறோம் என்று அழுகை வந்தது. கண் எரிந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை.

திரும்பினார். வீட்டை நெருங்க நெருங்க இழுப்பு தளர்ந்தது. அந்த அறைக்குள், மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதுதான் மூச்சு விட முடிந்தது. அதுதான் அவரை ரொம்பவும் பயமுறுத்தியது. அதன் பக்கத்தில் இருந்தால் சுகமாக இருந்தது.

ஸ்பேனரை எடுத்துத் தொட்டிக்கு நேராக ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை. உள்ளே இருப்பது அவர். உடைத்தால் தரையில் ஓடப்போவதும் அவர். துடைத்து எடுத்து எதில் பிழிவது?

ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

சொம்பைத் தூக்கத் தெம்பில்லாமல் டம்ளரில் மொண்டு வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடித்தார். குடித்தது எங்கே போகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்தார். தொண்டையில் இறங்கும், தொட்டியில் ஏறும். கை விரல்கள் பழைய முருங்கைக்காய் போலச் சுருங்கி வந்தன. இமைத்தால் இமை கண்ணில் உரசுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் இப்போது அது ஒன்றுதான் சத்தம்.

அவள் ஞாபகம் அப்போதுதான் வந்தது. புது மிஷின் பூட்டுவதை அவளிடம் சொல்லியிருந்தார், இன்றோ நாளையோ தானாகவே வந்து நிற்பாள், சத்தம் நின்றதா என்று பார்க்க. வரக் கூடாது. இந்த அறைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது.

போனை எடுத்தார். காய்ந்த விரலைத் திரை மதிக்கவில்லை. தேய்த்துத் தேய்த்து ஒருவழியாக அவள் பேரில் அமுங்கியது.

"என்னங்க?"

வராதே என்றார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஹலோ? பேசுங்க. என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

வராதே. வராதேம்மா. நாக்கு சுருண்ட செருப்புத் தோல் மாதிரி வாய்க்குள் கிடந்தது.

அந்தப் பக்கம் வளையல் போனில் உரசியது. பிறகு அவள் குரல் மாறியது.

"ஏங்க... மில்லு ஓடலையே."

அவர் போனை மேஜையில் தட்டினார். அவள் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

"இதைக் கேக்க வைக்கத்தான் போன் போட்டுட்டு ஊமை மாதிரி உக்காந்திருக்கீங்களாக்கும்? வாயைத் திறந்து 'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா? சரி, சரி. தட்டாதீங்க. புரிஞ்சுது. இதோ கிளம்பிட்டேன்."

வைத்துவிட்டாள். மறுபடி அமுக்கினார். திரை கேட்கவில்லை. எச்சில் தொட்டு அமுக்கலாம் என்று விரலை வாய்க்குக் கொண்டுபோனார். எச்சில் எங்கே இருக்கிறது? அதெல்லாம் அங்கே இருக்கிறது.

கதவைத் தாழ் போடலாம். எழுந்தார். பாதி அறை போனார். விழுந்தார். ஊர்ந்தார். நிலைப்படியைத் தொட்டபோது கண் முழுக்க இருட்டாகி, உடம்பு அவரைக் கேட்காமலே திரும்பிக்கொண்டது. நாற்காலிக்கே வந்துவிட்டது. கையருகில் டம்ளர். பாதித் தண்ணீர்.

தெருவில் செருப்புச் சத்தம். குடை மடக்குகிற சத்தம். சாவி.

"ஏங்க?"

ஈரப் புடவை வாசமும் மழை வாசமும் அறைக்குள் வந்தன. அவள் வாசலிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டாள். முகம் மலர்ந்தது.

"அட... எவ்வளவு நிம்மதியா இருக்கு."

போ. போயிடு. கண்ணால் சொன்னார். இருட்டில் அவர் கண் அவளுக்குத் தெரியவில்லை. வந்து, மேஜையருகில் தனக்குப் பிடித்த அந்த இடத்தில் உட்கார்ந்தாள். தொட்டியின் வெளிச்சமில்லாத கண்ணாடியில் இரண்டு பேர் நிழலும் சேர்ந்து தெரிந்தது.

"ரொம்ப இளைச்சுட்டீங்க. சமைக்கலையா? இன்னமும் கோவமா? பேச மாட்டீங்களா?"

டம்ளரைத் தள்ளிவிட வேண்டும். அது ஒன்றுதான் முடியும். உயிரையெல்லாம் விரலில் கூட்டித் தள்ளினார். டம்ளர் சாயவில்லை. ஒரு விரற்கடை அவள் பக்கம் நகர்ந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். புதிதாகக் கல்யாணமானபோது அவர் குடித்து வைத்த மிச்சத்தைத்தான் குடிப்பேன் என்று அடம் பிடித்தவள்தான்.

"எனக்கா?" என்றாள். "இப்படிச் சொல்லவாவது தெரியுதே. உங்க எச்சில் எனக்கென்ன புதுசா?"

அவர் உதடு பட்ட இடத்திலேயே தன் உதட்டை வைத்துக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை. டம்ளரை வைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள்.

"நடந்து வந்ததா என்னன்னு தெரியலை, தாகமே அடங்கலைங்க. இருங்க, வந்துடறேன்."

அடுப்படியில் விளக்கு எரிந்தது. பானை மூடியை எடுக்கிற சத்தம். மொள்ளுகிற சத்தம். மடக், மடக், மடக். ஒரு பெருமூச்சு. மறுபடி மொள்ளுகிற சத்தம்.

அடுப்படி வெளிச்சம் தொட்டியில் விழுந்தது. மஞ்சள் தண்ணீரின் மேற்பரப்பில் எங்கிருந்தோ ஒரு தெளிந்த இழை இறங்கியது. தலைமுடி கனம். இறங்க இறங்கத் தடித்தது. மஞ்சளோடு அது கலக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றது. தயங்கியது. பிறகு இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளத் தொடங்கின, மெல்ல, நெருக்கமாக, ஒரு சத்தமும் இல்லாமல்.