ஏறி உட்காரும் வரை

டேஷ்போர்டில், எஞ்சின் சூடேறுவதைக் காட்டும் சுருள் விளக்கு அணைந்ததும் பியூலா சாவியைத் திருப்பினாள். செல்ஃப் மோட்டார் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஆறிக் கிடந்த டீசல் வண்டி, விடியாத நேரம், இது தினமும் நடக்கிற கூத்துதான். விட்டு விட்டுச் சாவியைத் திருப்பியபடியே மனதுக்குள் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினாள். ஜெபம் பாதியை எட்டும்போது எஞ்சின் உலுக்கிக்கொண்டு உயிர் பெற்றது, வெள்ளைப் புகை போர்டிகோவை நிறைத்தது. இதுவரை எல்லாம் வழக்கம்தான். ஆனால் எஞ்சின் பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. யாராவது ஏறி உட்கார்ந்தால் அமுங்குமே, அந்த அளவுக்கு.

திரும்பிப் பார்த்தாள். பின் சீட்டில் அவள் கணவரின் தலையணை மட்டும் இருந்தது. பழைய வண்டி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏங்க, வாங்க! வண்டி ரெடி," என்று வீட்டுக்குள் குரல் கொடுத்தாள். ஏசுதாசன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, பின்பக்க இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். முன் சீட்டில் அவரால் கால் நீட்டிச் சாய்ந்துகொள்ள முடியாது.

அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்து ஆஸ்பத்திரிக்கு, டயாலிசிஸின் முதல் ஷிஃப்டுக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் கால் டாக்ஸிக்காரர்கள் வருகிறேன் என்பார்கள், பிறகு கேன்சல் செய்வார்கள். அதற்காகத்தான் இந்தப் பழைய வண்டியை வாங்கினார்கள். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் சேர்ந்து மூச்சை அடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு முறை தவறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, பியூலா கேட்கவும் இல்லை.

கேம்ப் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் உதயா பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.

"ஸ்டார்ட் ஆவ எவ்ளோ நேரம்கா எடுக்குது? பத்து செகண்டா, இருபதா?"

"பாதி ஜெபம்," என்றாள் பியூலா. சொன்ன பிறகுதான் அது அவனுக்குப் புரியாது என்று உறைத்தது.

"நான் மாரியாத்தா கோயில் ஆளுக்கா. எனக்கு அந்தக் கணக்கு வராது," என்று சிரித்தான்.

முதலில் ஹீட்டர் பிளக் நான்கையும் மாற்றினான். மறுநாளும் பாதி ஜெபம். பேட்டரியை மாற்றினான். அதற்கும் பாதி ஜெபம். மூன்றாவது முறை போனபோது அவனே தலையைச் சொறிந்தான்.

"லைன்ல ஏர் இழுக்குதுன்னு நெனக்கிறேன்கா. ராத்திரி நின்னா டீசலு பின்னாடி டேங்குக்கே இறங்கிடும். காலைல அது திரும்ப வந்து சேர்ற வரைக்கும் வண்டி சும்மா சுத்திகினே கெடக்கும். வந்து சேர நேரமாவுது, அவ்ளோதான். ஒரு ராத்திரி வண்டிய இங்கயே வுட்டுட்டுப் போங்க. நல்லா ஆறட்டும். சூடா கீற வண்டில ஒண்ணும் தெரியாது."

டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வண்டியை விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலை காபி கொண்டுபோனபோது ஏசுதாசன் உள்ளறைக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"விடியறதுக்கு முன்னாடியே எங்க கிளம்பிப் போன?"

"நானா? இப்பதானே எழுந்தேன்."

"செருப்புச் சத்தம் கேட்டுச்சே. இங்கிருந்து நடந்து, ஹாலைத் தாண்டி, கதவைத் தெறந்துட்டுப் போன. நீதான்னு நெனச்சேன்."

வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். இரவு அவளே போட்ட தாழ்ப்பாள் விலகியிருந்தது. கேட்டும் திறந்து கிடந்தது. வீட்டில் எதுவும் களவு போகவில்லை. எதிர்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், எப்போதும் போலச் சிரித்தாள்.

சற்று நேரத்தில் உதயாவின் போன் வந்தது. "அக்கா, விடியறதுக்குள்ள ஷெட்டுக்கு வந்து மொத வேலையா ஸ்டார்ட் பண்ணேன். இன்னா பண்ணியும் புடிக்கல. வேற பேட்டரி போட்டும் ஊஹூம். போய் டீ குட்சி, டிபன் துன்னுட்டு வந்து சும்மா சாவியப் போட்டேன், ஒரே சுத்துல புட்சிகிச்சு. பேஜார் புட்ச வண்டியா கீதேக்கா!"

பியூலா எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். தூரம், வேகம், நேரம். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவள். செம்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு வரை, மெதுவாக நடக்கிற ஒருவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை. யோசிக்காமலே விடை வந்துவிட்டது: உதயா டீ குடித்து, டிபன் சாப்பிட்டு வருகிற நேரம்.

அப்படியெல்லாம் இருக்காது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருந்தாலும் அன்றிரவு வண்டியை போர்டிகோவில் விடாமல் தெருக்கோடியில் நிறுத்தினாள். விடியுமுன் போய் கண்ணாடிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரு ஜெபம் முடிந்தது. இரண்டாவதைத் தொடங்கினாள். நடுவில் செல்ஃபை விட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஈர மண்ணின் வாசனையும் யார் வீட்டிலிருந்தோ பால் பொங்கும் வாசனையும் வந்தன. தூரத்தில் தாம்பரத்தை விட்டுக் கிளம்பும் ரயிலின் ஹாரன் கேட்டது. அது அடங்கியதும், தெருவின் அந்தக் கோடியில், தன் வீட்டுப் பக்கத்திலிருந்து, ரப்பர் செருப்பு தரையில் தேய்கிற சத்தம். சரக். சரக். அவசரமே இல்லாத நடை. தெரு விளக்கின் கீழே யாரும் வரவில்லை. நடுத்தெருவில் படுத்திருந்த நாய்கள் மட்டும் ஒவ்வொன்றாக எழுந்து ஓரமாகப் போய் நின்றன.

சத்தம் பின் கதவருகே வந்து நின்றது. வண்டி அமுங்கியது. சாவியைத் தொட்டதுமே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பாதி ஜெபம் என்பது வாசலிலிருந்து போர்டிகோ வரை நடக்கிற நேரம் இல்லை. அது வீட்டின் உள்ளறையிலிருந்து நடக்கிற நேரம். ஏசுதாசன் படுக்கிற அறையிலிருந்து.

வேறு யாராக இருந்தாலும் அன்றே வண்டியைத் தள்ளிவிட்டிருப்பார்கள். பியூலாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயப்படுவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். உப்பில்லாத சமையல், அளந்து கொடுக்கும் தண்ணீர், திருத்தாத பரீட்சைத் தாள்கள், நடு இரவில் அவர் கால் வலிக்கு எழுந்து தேய்த்துவிடும் கைகள். இத்தனைக்கும் மிச்சமாக அவளிடம் ஒன்றுமே இல்லை. வருவது வந்து உட்காரட்டும், வண்டி ஸ்டார்ட் ஆனால் போதும் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்கவில்லை. அடுத்த டயாலிசிஸ் நாளில் சாவியைத் திருப்புவதற்கு முன்பே, "ஏங்க, வாங்க, நேரமாகுது," என்று இருட்டு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஏசுதாசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏங்க என்றால் அவர்தான். அந்தக் குரலுக்கு வர வீட்டில் ஒருவர் மட்டும் இருந்தவரை அதில் தப்பு எதுவும் இல்லை.

அதன் பிறகு வண்டி ஒரு நாளும் படுத்தவில்லை. கூப்பிட்டாள், அமுங்கியது, கிளம்பியது. உதயா தான் மாற்றிய டீசல் லைன்தான் காரணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டான். ஏசுதாசனும் வழியில் முனகாமல் தூங்கினார். "ஏசி போட்டாலும் குளிரல பியூலா. பக்கத்துல வெதுவெதுன்னு இருக்கு," என்றார் ஒரு நாள்.

அன்று சந்தோஷபுரம் தாண்டும்போது அவள் கண்ணாடியில் பார்த்தாள். அவர் தூக்கத்தில் வலது பக்கமாகச் சாய்ந்திருந்தார். சாய வேண்டிய அளவுக்கு மேல் சாய்ந்திருந்தார். அவர் தலைக்குக் கீழே தலையணை இல்லை, சீட்டும் இல்லை, வெறும் காற்று. ஆனாலும் தலை தொங்கவில்லை. கன்னம் எதன் மேலோ அழுந்தித் தட்டையாகியிருந்தது. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியபோது தலை மெல்ல உயர்ந்து தாழ்ந்தது, மறுபடி அதே இடத்தில் படிந்தது.

அன்றே, இனி அதை ஏற்றக்கூடாது என்று முடிவு செய்தாள்.

அடுத்த முறை ஏசுதாசனை முதலில் வண்டியில் உட்கார வைத்தாள். பிறகு வீட்டுக் கதவைச் சாத்தி வெளியே பெரிய பூட்டைத் தொங்கவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடிக்கவில்லை. ஒரு ஜெபம், இரண்டு, மூன்று. செல்ஃபின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. அது ஓய்ந்த இடைவெளியில் வீட்டுக்குள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. விரல் முட்டியால் இல்லை. உள்ளங்கையால். பொறுமையாக.

"உள்ள யாரோ தட்டறாங்க பியூலா," என்றார் ஏசுதாசன்.

"காத்துங்க," என்றாள்.

பேட்டரி செத்தது. மூன்று டாக்ஸிகள் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. அன்றைய ஷிஃப்ட் போயிற்று. ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை முதல் ஆளாக வரச் சொன்னார்கள். சாயங்காலம் உதயா வந்து சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். இரவு முழுக்க ஏசுதாசனால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே, தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பதுபோல மூச்சை இழுத்தார். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தன்னால்தான் இது என்று அவளுக்குத் தெரியும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

கிழக்கு வெளுக்கும் முன்னே அவர் உதடு நீலம் பூத்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வழி கேட்டு வந்து சேரும்வரை அவர் தாங்கமாட்டார் என்று தோன்றியது. அவரைக் கட்டிலில் சாய்த்துவிட்டு ஓடினாள். வீட்டுக் கதவையும் கேட்டையும் அகலத் திறந்தாள். வண்டியில் உட்கார்ந்து கத்தினாள்.

"ஏங்க! வாங்க! சீக்கிரம் வாங்க!"

பின் கதவு திறந்தது. வண்டி அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது. எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. கண்ணாடியில், தலையோடு போர்த்திய துண்டும் அவருடைய குனிந்த தோள்களும் தெரிந்தன. எப்படியோ தானாக நடந்து வந்துவிட்டார். ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்துக்கொண்டே கியரைப் போட்டாள். கண்ணீர் வந்தது.

"மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ம்," என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

மெயின் ரோட்டில் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அடைத்த கடைகள், ஈரமான தார், டீக்கடை ஒன்றில் ஸ்டவ் இரைச்சல். வண்டி இத்தனை லேசாக ஒருநாளும் ஓடியதில்லை. எப்போதும் அவர் மூச்சு பின்னாலிருந்து கேட்கும். இன்று கேட்கவில்லை. தூங்கிவிட்டார் போல.

சந்தோஷபுரம் நெருங்கும்போது போன் அடித்தது. காதில் வைத்தாள்.

"பியூலா..." மூச்சுக்கு மூச்சு நின்று நின்று வந்தது குரல். "எங்க... போற? என்னை... விட்டுட்டு..."

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

"ஏங்க?" என்றாள்.

"ம்," என்றது போன்.

"ம்," என்றது பின் சீட்.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினாள். இறங்கி ஓடிவிடலாம். ஓடினால் அவரை யார் கூட்டிப்போவது? இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் வரவில்லை. முதல் வார்த்தையே வரவில்லை. பிடரியில் வெதுவெதுப்பு.

வீடு. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஏசுதாசன் நின்றிருந்தார். எஞ்சினை நிறுத்த அவளுக்குத் தைரியம் இல்லை. அவர் தடுமாறி வந்து, பழக்கப்பட்ட அதே பின் கதவின் கைப்பிடியை இழுத்தார். கிளம்பியபோது தானாகப் பூட்டிக்கொண்டது, பூட்டியபடியே இருந்தது.

"ஏங்க, முன்னாடி வாங்க," என்றாள்.

பின்னாலிருந்தது எழுந்தது. அவள் சீட்டின் தோளைப் பிடித்து, முன்னால் வருவதற்குக் குனிந்தது.

"இல்ல! இல்ல, அங்கேயே இருங்க. அங்கேயே."

அது உட்கார்ந்தது. சொன்ன பேச்சைக் கேட்டது.

வெளியே அவர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். உதடு கறுத்திருந்தது. "தெற பியூலா... முடியல."

முன் கதவு வரை வரக்கூட அவருக்கு மூச்சில்லை. தாங்கிப் பிடித்து அழைத்து வர அவள் இறங்கினால், உள்ளே இருப்பது அவள் இடத்தில் வந்து உட்காருமோ என்று பயந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். நாக்கு புரளவில்லை. அவர் கால்கள் மடங்கத் தொடங்கின. மேடவாக்கம் வரைக்கும்தான். அதுவரைக்கும் உயிர் இருந்தால் போதும். வேறு வழியில்லை.

பியூலா பூட்டை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

கதவு திறந்தது. உள்விளக்கு எரிந்தது. ஏசுதாசன் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடி ஒரு காலை உள்ளே வைத்தார்.

துண்டு போர்த்திய அது, அவருக்கு இடம் விட்டு, மெல்லத் தள்ளி உட்கார்ந்தது.