வெண்முத்துப் படகில் மருதாணி

சனிக்கிழமை, மாலை 4.30.

பினாங்குக்குப் பக்கத்தில், புலாவ் கெண்டி தீவை ஒட்டி நங்கூரம் போட்டிருந்தது 'வெண்முத்து' என்ற சொகுசுப் படகு. கேப்டன் சூசை கீழ்த்தளத்தில் ஓர் அறைக் கதவை மூன்று முறை தட்டினார். பதில் இல்லை. திறந்தார். அவர் போட்ட சத்தத்தில் மேல்தளத்திலிருந்த நூருல், நட்டாலி, தனுஜா மூன்று பேரும் கீழே ஓடி வந்தார்கள்.

படகின் சொந்தக்காரி ஷர்மினி பட்டு அங்கியோடு கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். முகம் முழுக்கத் தங்கத்தாள் மாஸ்க். கண்ணுக்கு மேல் பட்டுத் துணி. அப்படியே படம் பிடித்து விளம்பரத்தில் போட்டிருக்கலாம். மூச்சு மட்டும்தான் இல்லை. பக்கத்து மேசையில் அவள் தோல் பளபளப்புக்காகத் தினமும் மூன்றே காலுக்குக் குடிக்கும் கொலாஜன் பானம், கண்ணாடி கிளாஸின் அடியில் ஒரு விரலளவு மிச்சமிருந்தது.

வாசலில் நின்ற நூருலுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். அதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. இரண்டு வருடமாக அவள் வாய்விட்டுக் கேட்காமல் மனதுக்குள் கேட்டது இதைத்தான். பயம் பிறகுதான் வந்தது, தான் நின்றுகொண்டிருப்பது யாருடைய படகு என்பது நினைவுக்கு வந்தபோது.

நூருல் மருதாணி போடுகிறவள். பாகான் டாலாமில் வீடு; பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்து கல்யாணப் பெண்களின் கைகளைச் சிவக்க வைப்பது தொழில். அவள் தங்கை இமான் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை பார்த்தவள். ஷர்மினி விற்ற 'ஏழே நாளில் பளிச்' கிரீமை ஆசை ஆசையாக எட்டு மாதம் பூசினாள். முகம் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்துக் கருத்தது. பிறகு சிறுநீரகமும் போனது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஷர்மினியின் வக்கீல் ஒரே ஒரு கடிதம் போட்டார்: அளவுக்கு மீறிப் பூசியது உங்கள் தவறு. அந்தக் கடிதத்தோடு கடை வாசலில் போய் நின்று, "உன்ன சும்மா விட மாட்டேன்" என்று நூருல் கத்தியதை யாரோ வீடியோ எடுத்தார்கள். பினாங்கில் அது வந்து சேராத போன் இல்லை.

6.10. படகுத்துறை ஓய்வறை.

இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரன் அந்த வீடியோவைத்தான் ஓடவிட்டு முடித்திருந்தார். கிளாஸில் விஷம் என்று போலீஸ் டாக்டர் முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டார். என்ன விஷம் என்பதை ஆய்வுக்கூடம் சொல்லும்.

"இவ்வளோ கோவம் வச்சிக்கிட்டு அவங்க படகுல ஏன் ஏறினீங்க?"

"தனுஜா அக்கா பேரச் சொல்லாம போன் பண்ணாங்க சார். கல்யாணப் பொண்ணுக்கு மருதாணின்னாங்க. யார் படகுன்னும் சொல்லல. ஏறினப்புறம்தான் ஷர்மினிய பாத்தேன். இறங்கப் போனேன். 'இரு, ஒன் தங்கச்சி விஷயமா அவங்க பேசணுமாம்'னு அக்காதான் நிறுத்தினாங்க."

"பேசினாங்களா?"

"என்னைய யாருன்னே அவங்களுக்குத் தெரியல சார்."

புவனேஸ்வரன் நோட்டைப் புரட்டினார். "மருதாணி எப்ப போட்டீங்க?"

"கல்யாணப் பொண்ணு நட்டாலிக்கு ஒன்றரையில இருந்து ரெண்டே கால். அப்புறம் தனுஜா அக்காவுக்கு ரெண்டே முக்கால் வரைக்கும்."

"முடிச்சிட்டு?"

"கீழ போயி கை கழுவினேன். பத்து நிமிஷம்."

"ஷர்மினி ரூமுக்குப் பக்கத்துல."

"சிங்க் அங்கதானே இருக்கு."

அவர் பேனாவை மூடினார். "கேளுங்க. ரெண்டே முக்காலுக்கு சூசை அந்த கிளாஸக் கொண்டுபோய் வச்சாரு. அதே நேரத்துக்கு ஷர்மினி நீராவிக் குளியலுக்குள்ள போனாங்க. தினமும் அரை மணி நேரம், கடிகாரம் மாதிரி. மூணே காலுக்கு வெளிய வந்து குடிச்சிருக்காங்க, மாஸ்க் போட்டுப் படுத்துட்டாங்க. அந்த அரை மணி நேரம் சூசையும் நட்டாலியும் மேல, ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் பட்டுக்கிட்டு இருந்தாங்க. கீழ இருந்தது ரெண்டு பேரு. நீங்களும் தனுஜாவும்."

"அப்ப தனுஜா அக்கா?"

"முன் கேபின்ல படுத்திருந்தாங்க. ரெண்டு கையிலயும் ஈர மருதாணி. சூசைதான் கதவத் திறந்து உள்ள விட்டு மூடினாரு. மூணு நாப்பதுக்குக் கூப்பிட்டாங்க, அவரேதான் திறந்து விட்டாரு. அப்பவும் மருதாணி பளபளன்னு ஈரமா இருந்துச்சாம். கைப்பிடியில, கிளாஸ்ல, எங்கயும் ஒரு தீற்றல் இல்ல. மிச்சம் யாரும்மா?"

நூருலுக்கு இமான்தான் நினைவுக்கு வந்தாள். தன்னை உள்ளே தள்ளிவிட்டால் திங்கள், புதன், வெள்ளி இமானை யார் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது? வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அப்போது சூசை கதவருகே வந்து தலையைச் சொறிந்தார். "சார், படகு இங்கயேதான் நிக்கணுமா? முன் கேபின் டாய்லெட் வேற அடைச்சிக்கிச்சு. பம்ப் கத்துது. படகு டாய்லெட்ல டிஷ்யூ கூட போடாதீங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம்."

"அப்புறம் பேசலாம் கேப்டன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

6.40.

வெளியே சோபாவில் நட்டாலி அழுதுகொண்டிருந்தாள். அடுத்த மாதம் ஷர்மினியின் தம்பியைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். அவளுக்காகத்தான் இந்தக் கடல் விருந்தே. மதியச் சாப்பாட்டில் ஷர்மினி கிளாஸைத் தூக்கி, "அடுத்த மாசத்துல இருந்து நம்ம கிரீமுக்கு முகம் நட்டாலிதான்" என்று அறிவித்து, தங்க மூடி போட்ட கிரீம் டப்பா ஒன்றை அவள் கையில் கொடுத்தாள். பன்னிரண்டு வருடமாக அந்தக் கிரீமுக்கு முகமாக இருந்த தனுஜாதான் எல்லோருக்கும் முந்திக் கைதட்டினாள்.

இப்போது அதே தனுஜா நட்டாலியின் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். அன்றைய வெயிலுக்கும் முழுக்கை உடுப்பு, கழுத்துவரை கனத்த மேக்கப். மதியம் மருதாணி போடும்போது நூருல் ஈரத்துணியால் அவள் மணிக்கட்டைத் துடைத்தாள். துணியில் தோல் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் தெரிந்த சாம்பல் திட்டை நூருலுக்கு நன்றாகவே தெரியும், வீட்டில் தினமும் பார்ப்பது. தனுஜா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். நூருல் ஒன்றும் கேட்கவில்லை.

காவலுக்கு நின்ற போலீஸ்காரி சுபாஷினி இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகிற பெண்ணைத் தேற்ற நினைத்தாளோ என்னவோ, சொன்னாள்: "தனுஜா அக்காவுக்கு நல்லா செவந்திருக்கு. கல்யாணப் பொண்ணுக்குத்தான் செவக்கவே இல்ல. மாப்பிள்ளைக்கு ஆச பத்தாதா?"

நூருல் திரும்பினாள். நட்டாலியின் கை கேரட் நிறத்தில் இருந்தது. தனுஜாவின் கை நல்ல கருஞ்சிவப்பு.

மதியம் நட்டாலி கேட்டதும் தான் சொன்னதும் அவள் காதில் திரும்ப ஒலித்தன. "எவ்வளோ நேரத்துல செவக்கும் அக்கா?" "அவசரப்படாத. இது இலையும் எலுமிச்சையும் தைலமும்தான். இன்னைக்கு ஆரஞ்சு, நாளைக்குக் காலைலதான் செவப்பு." அந்த நேரம் தனுஜா ஷர்மினியோடு உள்ளே இருந்தாள்; இது அவள் காதில் விழவில்லை.

நூருல் எழுந்து போய்த் தனுஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கைய குடுங்க அக்கா. காய்ஞ்சது கொஞ்சம் ஒட்டியிருக்கு." கையைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனாள். தைல வாசனை இல்லை. மண்ணெண்ணெய் நெடிதான் அடித்தது. வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் போட்ட கொடிதான், ஆனால் கோடு தடித்துத் தடுமாறியிருந்தது. பதினாறு வருடத்தில் இப்படி ஒரு கோணல் கொடியை அவள் யாருக்கும் போட்டதில்லை. அந்த நிமிடம் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கொலைகூட இரண்டாம்பட்சமாகிவிட்டது.

7.05.

"சார், அஞ்சு நிமிஷம் குடுங்க," என்றாள் நூருல். "அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா போங்க."

புவனேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நட்டாலி, தனுஜா அக்கா, ரெண்டு பேரும் கைய மேசையில வைங்க. ரெண்டுமே என் கோன்தான். அதுவும் நட்டாலிக்குத்தான் முதல்ல போட்டேன். அப்ப யாரு கை அதிகமா செவந்திருக்கணும்?"

"எனக்கு உடம்பு சூடு," என்றாள் தனுஜா. "எனக்கு எப்பவும் சீக்கிரம் செவக்கும்."

"சூட்டு உடம்புக்கு நாளைக்கு இன்னும் நல்லா செவக்கும். ஆனா நாளைக்குத்தான். கழுவின உடனே இப்படிக் கருத்துப் போகாது. உடனே கருக்கிற மருதாணி ஒன்னுதான் சார் இருக்கு. கடையில மூணு ரிங்கிட்டுக்கு விக்கிற கெமிக்கல் கோன். கால் மணி நேரம் போதும். என் தங்கச்சி மூஞ்சி போனதுல இருந்து உடனே பலன் தர்ற எதையும் நான் கையால தொடுறதில்ல. என் பையைச் சோதிச்சுப் பாருங்க."

"மேல சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டே முக்காலுக்கு நான் போட்டேன். ஏர்கான் ரூம்ல மூணு நாப்பதுக்கு அது காய்ஞ்சு வெடிச்சிருக்கணும். நட்டாலிக்கு அப்பவே உதிர ஆரம்பிச்சிருச்சு. ஆனா கேப்டன் பாத்தது பளபளன்னு ஈரம். அப்ப அது நான் போட்டதில்ல. கேப்டன் கதவ மூடின உடனே அக்கா கையக் கழுவிட்டாங்க. நான் கை கழுவிட்டு மேல போற சத்தம் கேட்டதும் வெளிய வந்து கிளாஸ்ல கலந்தாங்க. சுத்தமான கை, தீற்றல் எப்படி இருக்கும்? திரும்ப உள்ள போயி, என் மருதாணி விட்டுட்டுப் போன லேசான கோட்டு மேலயே கெமிக்கல் கோனால வரைஞ்சாங்க. எடது கை நல்லாத்தான் வந்துச்சு. வலது கைக்கு எடது கையால போடணும்ல, அங்கதான் கோணிருச்சு."

"வாயாலதானே சொல்ற," என்றாள் தனுஜா. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அந்த கோன் எங்க?"

"படகு ஜன்னல் திறக்காது. ரெண்டு கையிலயும் ஈரத்தோட பையில போட முடியாது. கேப்டன், ஒங்க முன் டாய்லெட்ட இப்பத் திறந்து பாருங்க."

7.20.

சூசை ரப்பர் கையுறையோடு திரும்பி வந்தார். பிளாஸ்டிக் பையில் கசங்கிய பளபளக் காகிதக் கூம்பு ஒன்று, நுனியில் கருப்புப் பசை. பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. "டிஷ்யூன்னு நெனச்சேன் சார்," என்றார் முணுமுணுப்பாக.

தனுஜா அதைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷம்," என்றாள் கடைசியில். "புதுசா எது வந்தாலும் மொதல்ல என் மூஞ்சியிலதான் பூசுவா. திட்டு வந்தா மேக்கப் போட்டு போட்டோ எடுப்பா. டாக்டர் எனக்கு கிட்னி பாதி போச்சுன்னாரு. அவகிட்ட சொன்னேன். நட்டாலிய பாத்து வச்சிருக்கேன்னா." பிறகு நூருலைப் பார்த்தாள். "ஒன் தங்கச்சிக்கும் சேத்துத்தான் பழி வாங்கினேன். நீ எனக்கு நன்றி சொல்லணும்."

"எந்தங்கச்சி பேர்ல செய்றவங்க என்னைய எதுக்கு அக்கா தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டீங்க? அந்த வீடியோவ பாத்துட்டுத்தானே கூப்பிட்டீங்க? நான் உள்ள போயிருந்தா இமானுக்கு வேற நாதியில்ல."

தனுஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நூருல் விடவில்லை.

"அவ செத்துக் கெடந்தத பாத்து நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். இங்க உக்காந்து யோசிச்சப்பதான் வயிறு எரியுது. அவ தப்பிச்சிட்டா. தூக்கத்துல, தங்க மாஸ்க் போட்டுக்கிட்டு சொகுசா போயிட்டா. நான் அவள கோர்ட்டு கூண்டுல நிக்க வச்சு, இமான் மூஞ்ச நேருக்கு நேரா பாக்க வச்சிருப்பேன். பத்து வருஷம் ஆனாலும் வச்சிருப்பேன். அத நீங்க கெடுத்துட்டீங்க."

சுபாஷினி விலங்கை எடுத்துக்கொண்டு நெருங்கினாள். நூருல் கைகாட்டி நிறுத்தினாள். பையிலிருந்து மதியம் பயன்படுத்திய ஈரத்துணியை எடுத்துத் தனுஜாவின் மடியில் போட்டாள்.

"கம்பெனி இன்னும் இருக்கு. கிரீம் இன்னைக்கும் கடையில இருக்கு. தொடைங்க. இன்ஸ்பெக்டர் போட்டோ எடுக்கட்டும். நீங்க எனக்குப் பட்ட கடன இப்படித்தான் கழிக்கணும்."

தனுஜா துணியைப் பார்த்தாள். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த நட்டாலியின் இருபத்தேழு வயது முகத்தைப் பார்த்தாள். துணியை எடுத்து நெற்றியிலிருந்து மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள். கன்னம் வந்தது, மோவாய் வந்தது. பினாங்கின் விளம்பரப் பலகைகளில் பன்னிரண்டு வருடம் சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், அடியிலிருந்து இமானின் முகம் போலவே ஒன்று வெளியே வந்தது.

புவனேஸ்வரன் போட்டோகிராபரைக் கூப்பிட்டார்.

நட்டாலி அழுகையை நிறுத்தியிருந்தாள். கைப்பையைத் திறந்து தங்க மூடி போட்ட டப்பாவை எடுத்து, இன்ஸ்பெக்டரின் மேசையில் அந்தக் கூம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னும் திறக்கல சார்," என்றாள்.

நூருல் தன் கோன்களைப் பையில் அடுக்கினாள். எட்டு மணி பெர்ரியைப் பிடித்தால் இமானுக்கு ராச்சாப்பாடு நேரத்துக்குக் கொடுக்கலாம். அந்தத் துணியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. அதில் இப்போது 'சான்றுப் பொருள்' என்று போலீஸ் சீட்டு ஒட்டியாகிவிட்டது.