மூன்றாம் வரிசை, கடைசி இருக்கை

பங்குகாட்டி வந்த பிறகு எருக்கஞ்சேரியில் யாரும் யாரையும் ஆதாரமில்லாமல் திட்டுவதில்லை. சோறு குழைந்தால், அடுப்புக்கு மேலே மாட்டிய சின்னப் பெட்டி சொல்லிவிடும்: அரிசிக்கு இத்தனை பங்கு, தண்ணீருக்கு இத்தனை, நடுவில் வந்த தங்கச்சியின் போனுக்கு மீதி. ஆட்டோவும் பைக்கும் உரசிக்கொண்டால், ஓட்டியவர்கள் முதலில் பங்கைப் பார்ப்பார்கள், பிறகுதான் சட்டையைப் பிடிப்பார்கள். சூட்சுமம் எளிது. நடந்ததை அந்த இயந்திரம் தனக்குள் ஆயிரக்கணக்கான முறை மறுபடி நடத்திப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளை எடுத்துவிடும். எதை எடுத்தால் முடிவு எவ்வளவு மாறுகிறதோ, அவ்வளவுதான் அதன் பங்கு.

எருக்கஞ்சேரி முன்னணியின் ரசிகர்கள் அதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்ததில் வியப்பில்லை. அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கோல் காப்பவரையும் நடுவில் ஆடுகிறவர்களையும் பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கலாம். விங்கில் ஓடுகிறவர்களை மட்டும் ரசிகர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். கோட்டோரம் ஓடுகிறவள் நம் மூச்சுப் படுகிற தூரத்தில் ஓடுகிறாள், அவள் நம் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். சீசனுக்கு முந்தைய ஞாயிறு நிறுவை நாள். பூசை முடிந்து வந்தவர்களும் பிரியாணி முடித்து வந்தவர்களும் கேலரியில் உட்கார்ந்து, பயிற்சி ஆட்டங்களைப் பங்குகாட்டியில் ஓடவிட்டு, விங்குகளை எடை போடுவார்கள்.

இந்த ஆண்டு பெண்கள் அணியின் இடது விங்குக்கு இரண்டு பேர். ஒருத்தி சங்கமித்திரை. இன்னொருத்தி எவாஞ்சலின், இருதயநாதனின் மகள்.

இருதயநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, நாற்காலியில் சாயாத முதுகு. அவருடைய அப்பா முன்னணியின் இடது விங். அவர் இடது விங். அவருடைய தம்பியும் அதே. அவர்கள் வீட்டில் யாரும் கோட்டை விட்டு உள்ளே வெட்டி ஓடியதில்லை. கோட்டைப் பிடித்துக் கார்னர் கொடி வரைக்கும் போய்ப் பந்தைத் தூக்கிப் போடுவதுதான் ஆட்டம், உள்ளே திரும்புவது பயந்தவன் வேலை. அப்பா ஆடி முடித்த பிறகு மூன்றாம் வரிசைக் கடைசி இருக்கையில் உட்கார்ந்து மகனைப் பார்த்து "கோட்டப் புடி!" என்று கத்தினார். இப்போது அதே இருக்கையிலிருந்து இருதயநாதன் எவாவைப் பார்த்துக் கத்துகிறார். அந்தக் குரல் மைதானத்தைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் கேட்கும்.

பங்குகாட்டியை இயக்கும் வான்மதி முதல் முடிவைத் திரையில் போட்டாள். சங்கமித்திரை ஒரு நூலிழை முன்னே நின்றாள்.

"இன்னா அண்ணாத்த, இந்த வாட்டி விங்கு உங்க வீட்டத் தாண்டிப் போவுது போல?" என்றான் தனசேகர். அவன் பழைய கோல்கீப்பர். பந்தை விட்டதைவிட வாயை விட்டது அதிகம்.

இருதயநாதன் எழுந்தார். "மிஷினு எதக் கணக்குல எடுத்திச்சு?"

"கணக்கோட வேலி மைதானக் கோட்டுல இருக்கு, ஐயா. மைதானத்துக்கு உள்ள இருக்கிறதை மட்டும்தான் எண்ணும்" என்றாள் வான்மதி.

"அது தப்பு. ஒரு ஆட்டம் மைதானத்துக்குள்ளயா பொறக்குது? மூணு பேரு ஆடுன ரத்தம் அவ ஒடம்புல ஓடுது. அதுக்குப் பங்கு இல்லியா? வேலிய வெளிய தள்ளு."

"தள்ளிட்டா எது உள்ள வரும்னு என்னால சொல்ல முடியாது."

"வரட்டும்மா. எங்க வீட்ல ஒளிச்சு வெக்கிற மாதிரி ஒண்ணும் கெடையாது."

வான்மதி வேலியைத் தள்ளினாள். எவா கார்னரில் பந்தை இழந்த ஆட்டங்கள் எல்லாம் மறுபடி ஓடின. திரையில் புதிய வரிசை வந்தது. 'பரம்பரை' என்பது கீழே, மைதானத்துப் புல்லின் உயரத்துக்கும் அடியில் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கிட்டத்தட்டப் பாதிப் பங்குடன் நின்றது: 'மூன்றாம் வரிசை, கடைசி இருக்கை.'

 கேலரியில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணாத்த, எதிர் டீமுக்கு நீதான் நம்பர் ஒன் டிஃபண்டரு!" என்றான் தனசேகர்.

இருதயநாதன் சிரிப்பின் பக்கம் திரும்பவில்லை. கீழே கோட்டோரம் நின்ற மகளைப் பார்த்தார். "நெசமா எவா?"

எவா பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே சொன்னாள். "உன் சத்தம் வர்ற வரைக்கும் எனக்கு ரெண்டு வழி கீது, நைனா. வந்துச்சுன்னா ஒண்ணுதான். அது எதிர்ல நிக்கிறவளுக்கும் கேக்குதே."

"இத்தினி நாளா சொல்லல?"

"உன்கிட்ட யாரு சொல்றது?"

வான்மதி அந்த இருக்கையை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். எவா சங்கமித்திரையைத் தாண்டி முன்னே போய்விட்டாள். அங்கே கூடியிருந்த எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. விங் அவர் வீட்டில் தங்க வேண்டுமானால் அவர் வீட்டில் தங்க வேண்டும்.

"நான் வரல. விங்கு எவாவுக்குக் குடுங்க" என்றார் இருதயநாதன்.

"வேலி தொறந்துதான் கீது. மத்தவங்க பேரும் கீழ வந்திருக்கு. பாக்கணுமா?" என்று கேலரியைப் பார்த்துக் கேட்டாள் வான்மதி.

தனசேகருக்கு வீட்டில் மீன் வாங்கி வைத்தது நினைவுக்கு வந்தது. எல்லோருக்கும் அப்படி ஏதோ ஒன்று நினைவுக்கு வர, கேலரி காலியானது.

முதல் ஆட்டத்தன்று இருதயநாதன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஷூவும் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னலைச் சாத்தியும் மைதானத்தின் இரைச்சல் வந்தது. இரைச்சல் ஏறுவதையும் கார்னர் பக்கம் போனதும் பொசுக்கென்று இறங்குவதையும் கேட்டார். அப்படி மூன்று முறை இறங்கியது. எவா கையில் ஷூவைத் தொங்கவிட்டபடி வீட்டுக்கு வந்தாள்.

"தோத்துட்டோம்."

"நான்தான் வரலியே!"

எவா மணிக்கட்டில் கட்டியிருந்த பங்குகாட்டியின் சின்னத் திரையை அவர் முன்னால் நீட்டினாள். கார்னரில் இழந்தது மூன்று பந்து, மூன்றுக்கும் ஒரே காரணம். மேலே நின்றது: 'மூன்றாம் வரிசை, காலி இருக்கை.' குரலுக்கு இருந்ததைவிடப் பங்கு அதிகம்.

"கார்னர்கிட்ட போனா சத்தம் வரும்னு காது நின்னுச்சு. வரல. காலும் நின்னுடுச்சு."

 தன் குடும்பத்துப் பங்கு இல்லாமல் இந்த அணியால் தோற்கக்கூட முடியவில்லை என்பதில் இருதயநாதனுக்கு ஒரு துளி பெருமையும் இருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

"வந்தாலும் தப்பு, வராட்டியும் தப்பு. நான் இன்னா பண்ணணும்?"

"வா. கத்து. ஆனா 'உள்ள வெட்டு'ன்னு கத்து. நான் கோட்டப் புடிச்சிக்கிறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. "எங்கப்பா ஒக்காந்து கத்துன எடத்துல நான் பொய் கத்தறதா? அதுவும் அந்த வார்த்தைய?"

"பொய் எங்க? நீ ஒண்ணு சொல்ற, பொண்ணு கேக்க மாட்டேங்கிறா. எல்லா வூட்டுலயும் நடக்கறதுதானே?"

அடுத்த ஆட்டத்தில் மூன்றாம் வரிசைக் கடைசி இருக்கை நிறைந்திருந்தது. கடைசி நிமிடங்கள், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எவா பந்தோடு கார்னரை நெருங்கினாள். எதிரே நின்ற பெண்ணின் கண் கேலரிக்கு ஓடித் திரும்பியது. மூன்றாம் வரிசையின் சங்கதி லீக் முழுக்கப் பரவியிருந்தது. இருதயநாதன் எழுந்து நின்றார். தொண்டையில் அப்பாவின் வார்த்தை வந்து முட்டியது. அதை விழுங்கினார்.

"உள்ள வெட்டு!"

எதிரே நின்றவள் உள்பக்கம் பாய்ந்தாள். எவா கோட்டைப் பிடித்துப் போய்ப் பந்தைத் தூக்கிப் போட, நடுவில் நின்றவள் தலையால் முட்டினாள். கோல். பங்குகாட்டியில் எவாவுக்கு அடுத்து அவர் பெயர்தான். தனசேகர் அவரைத் தூக்க வந்து, சட்டையின் மடிப்பைப் பார்த்துவிட்டுக் கையை மட்டும் குலுக்கினான்.

அந்த சீசனில் முன்னணி கோப்பையை வாங்கியது. அதைப் பார்த்து மற்ற கிளப்புகளும் வேலியைக் கேலரிக்கு வெளியே தள்ளின. யார் கத்தினால் கால் வேகமாகிறது, யார் முனகினால் பந்து நழுவுகிறது என்று எல்லா இருக்கைக்கும் எடை தெரிந்தது. ஆட்டக்காரிகள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "ஆட்டத்துல உங்களுக்கும் பங்கு உண்டுன்னா, எங்களை மட்டும் எதுக்கு எடை போடுறீங்க?"

அடுத்த நிறுவை நாளில் எடைக்கு வந்த ரசிகர்கள் கோட்டோரம் வரிசையில் நின்றார்கள். கேலரியில் ஆட்டக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசைக் கடைசி இருக்கையில் எவா, பக்கத்தில் வலது விங்குக்கு மாறியிருந்த சங்கமித்திரை. தனசேகர் முதல் சுற்றிலேயே கழிக்கப்பட்டான். இருதயநாதன் முறை வந்தது. கார்னர் கொடியருகே போய் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"உள்ள வெட்டு!"

"குரலு நல்லாத்தான் கீது. ஆனா எல்லா டீமுக்கும் தெரிஞ்சுபோச்சே" என்றாள் சங்கமித்திரை.

எவா திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்க்கவில்லை. "ஆமா. போன வருஷ பங்குல பாதிகூட இல்ல."

மூன்று தலைமுறையைச் சொல்ல இருதயநாதன் வாயைத் திறந்தார். புல்லுக்கும் அடியில் கிடந்த 'பரம்பரை' என்ற அந்த வரி நினைவுக்கு வந்தது.

"வேலிய இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா, ஐயா?" என்று கேட்டாள் வான்மதி. அவள் கேலியாகக் கேட்கவில்லை.

"வேணாம்மா" என்றார். சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டு நடந்துபோய், மாற்று ரசிகர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில், முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.