இடது சக்கரம் இழுக்கவில்லை!

அலறல்!

கல்குவாரியின் அடிப்பள்ளம் வரை இறங்கி, பாறைச் சுவரில் மோதி, மறுபடி மேலே ஏறி வந்தது அந்த அலறல். கிரஷர் மெஷினை யாரோ அணைத்தார்கள். கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

சரிவுப் பாதையில் மழையில் நனைந்தபடி நின்றிருந்தாள் குவாரி முதலாளியின் மனைவி. அவள் விரல் பள்ளத்தைக் காட்டியது.

அங்கே, நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்தபடி முதலாளியின் ஜீப்!

உள்ளே... முதலாளி!

இந்த அலறலை அவள் பல நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு... ஆனால் திட்டப்படி அது வர வேண்டிய நேரம் வேறு. ஜீப் உருண்டதும் அவள் சத்தமில்லாமல் கீழே இறங்க வேண்டும். இடது முன்சக்கரத்தில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டு, அப்புறம்தான் அலற வேண்டும்.

ஜீப் விளிம்பில் சாய்ந்த நொடியில் அலறல் தானாகவே வந்து தொலைத்தது. கொலை செய்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை. பாவம், என்ன செய்வாள்?

ஆட்கள் அவளை முந்திக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள்.

"உசிரு இருக்கு!" என்றான் ஒருவன்.

அவள் மயங்கி விழுந்தாள். அது நடிப்பில்லை.

அது என்ன சின்ன வேலை என்று கேட்கிறீர்களா? மழைக்காலம் தொடங்கிய புதிதில் ஒரு மத்தியானம். வொர்க்‌ஷாப்.

அந்த ஜீப்பை வாங்கும்போது உள்ளே ஒரு பட்டன் இருந்தது. தட்டினால் போதும், பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களும் தானாகச் சேர்ந்துகொண்டு இழுக்கும். சீட்டை விட்டு அசைய வேண்டாம். ஒரு நாள் அந்தப் பட்டன் காலை வாரியது. சேற்றில் சிக்கிய ஜீப்பைக் கூலியாட்கள் தள்ளி ஏற்றினார்கள். ஏற்றிவிட்டுச் சிரித்தார்கள்.

முதலாளியைப் பார்த்துச் சிரிப்பதா! அன்றைக்கே ஜீப் வொர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டது.

மெக்கானிக்குக்கு எல்லோரும் வைத்த பெயர் கிரீஸ். கையில் இருப்பதைவிட அவன் நாக்கில்தான் அது அதிகம். வண்டிக்கு அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஒண்ணுமே இல்ல மொதலாளி. காத்து இழுக்குற ரப்பர் குழாய் வெடிச்சிருக்கு. அதை மாத்திட்டா பழையபடி ஆட்டோமேட்டிக்கே ஓடும்."

"ஆட்டோமேட்டிக்கே வேண்டாம். கழட்டி எறி. கையால திருப்புற மாதிரி போடு."

கிரீஸ் தலையைச் சொறிந்தான். அப்படிப் போட்டால் முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு திருகு இருக்கும் என்றான். சரிவில் ஏறுவதற்கு முன்னால் இறங்கி இரண்டையும் 'லாக்'குக்குத் திருப்ப வேண்டும், டக் என்று சத்தம் கேட்க வேண்டும். மறுபடி நல்ல ரோட்டுக்கு வந்ததும் இறங்கி 'ஃப்ரீ'க்குத் திருப்ப வேண்டும். ஒன்றை விட்டாலும் முன்பக்கம் மொத்தமும் இழுக்காது.

"மழையில, சேத்துல தினமும் யாரு மொதலாளி இறங்குறது?"

முதலாளி பக்கத்தில் நின்ற மனைவியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இறங்குறதுக்குத்தான் ஆள் இருக்கே!"

கிரீஸ் விழுந்து விழுந்து சிரித்தான். முதலாளி ஜோக் அடித்தால் சிரிப்பதும் அவன் தொழிலில் ஒரு பாகம்.

அவள் சிரிக்கவில்லை. 'ஒன்றை விட்டாலும் இழுக்காது' என்பதை மட்டும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

முதலாளி அவளை வீட்டில் தனியாக விட்டதே இல்லை. அவளிடம் போன் கிடையாது. வாசல் சாவி கிடையாது. எங்கே போனாலும் ஜீப்பில் பக்கத்து சீட்டு. அவளுடைய அம்மா செத்துப்போன சேதி வந்த அன்றைக்கும் குவாரிக்குத்தான் கூட்டிப்போனார். "செத்தவ எங்க ஓடிடப் போறா? சாயங்காலம் போய்க்கலாம்" என்றார். சாயங்காலமும் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மனுஷனா அவன்!

அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை. ஹார்ன்தான். இரண்டு ஹார்ன் அடித்தால் இறங்கித் திருகைத் திருப்பு என்று அர்த்தம். ஒரு ஹார்ன் என்றால் தள்ளி நில். அவள் தள்ளி நின்றதும் அவர் மட்டும் சரிவில் ஏறிப் போய்விடுவார். ஏறும்போது வண்டியில் கனம் கூடாதாம். அவள் முழங்கால் சேற்றில் நடந்து மேலே வர வேண்டும். மேலே அவர் சிகரெட் பிடித்துக்கொண்டு, "என்ன, அன்னநடையா?" என்பார்.

இன்றைக்கும் இரண்டு ஹார்ன் அடித்தது. இறங்கினாள். நல்ல மழை. கல்தூள் கரைந்து பாதை முழுக்க வழவழவென்று கிடந்தது.

வலது சக்கரம். திருப்பினாள். டக்.

இடது சக்கரம். குனிந்தாள். திருகின் மேல் கையை வைத்தாள். திருப்பவில்லை. நிமிர்ந்தாள்.

ஒரு ஹார்ன். தள்ளி நின்றாள்.

ஜீப் சரிவில் பாதி தூரம் ஏறியது. பின்சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சும்மா சுற்றின. முன்சக்கரங்கள் தேமே என்று இருந்தன. பிரேக்கை மிதித்தும் பிரயோஜனமில்லை. வண்டி மெதுவாகப் பின்னால் வழுக்கியது... திரும்பியது... விளிம்புக்குப் போனது...

அப்புறம்தான் அந்த அலறல். யாரும் வருவதற்கு முன்னால் கீழே போய் இடது திருகையும் 'லாக்'குக்குத் திருப்பி வைக்கும் அந்தச் சின்ன வேலை பாக்கியாகவே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டருக்கு அல்சர். வாயில் எப்போதும் ஒரு மாத்திரை கரைந்துகொண்டிருக்கும், அதனால் எதிரே நிற்பவர்களுக்கு அவர் முகம் சுளிப்பது தங்களைப் பார்த்துத்தானோ என்று தோன்றும். பெரும்பாலும் அது உண்மையும்கூட.

கிரீஸையும் வரவழைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, கவிழ்ந்து கிடந்த ஜீப்பைச் சுற்றி வந்தார். வலது முன்சக்கரத்தின் திருகு 'லாக்'கில் இருந்தது. இடது சக்கரத்துக்கு வந்தார். நின்றார்.

'ஃப்ரீ'.

"டேய் கிரீஸ்! உருண்டதுல இது தானா திரும்பியிருக்குமா?"

"சான்ஸே இல்ல சார். கையை வச்சு நல்லா அழுத்தித் திருப்பணும். நான் மாட்டுனதெல்லாம் சுத்தமா இருக்கு சார். என் மேல சந்தேகம் வேண்டாம்..."

"உன் மேல சந்தேகமே இல்லடா. ஒரு கொலை பண்ற அளவுக்கு வேலை செய்யுற ஆளு இல்ல நீ."

அந்தத் திருகை தினமும் யார் திருப்புவது என்று கேட்டார். கிரீஸ் கொஞ்சம் தயங்கினான். அப்புறம் சொல்லிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் மாத்திரையைக் கடித்து விழுங்கினார்.

ஆஸ்பத்திரி வராந்தா. ஈரப் புடவையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அவள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் முதலாளியின் ஷூக்கள்.

இரண்டு திருகையும் திருப்பினீர்களா என்று கேட்டார். திருப்பினேன் என்றாள். அப்படியானால் இடது பக்கம் எப்படி 'ஃப்ரீ'யில் இருக்கிறது என்று கேட்டார். ஒருவேளை அவரே இறங்கி மாற்றித் திருப்பியிருக்கலாம் என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தபடி யோசித்து வைத்திருந்த பதில்.

இன்ஸ்பெக்டர் பையைத் தூக்கிக் காட்டினார்.

"அந்தச் சேத்துல இறங்கினவர் ஷூவாம்மா இது? அடியில ஒரு பொட்டு அழுக்கு இல்லையே?"

அவள் ஈர முந்தானையைப் பிழிந்தாள்.

"பரவாயில்ல. இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவர் கண்ணு முழிச்சு, 'நான் இறங்கவே இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். உங்களைக் கையோட கூட்டிட்டுப் போயிடறேன். முழிக்காமலே போயிட்டார்னா..." எழுந்துகொண்டார். "வெறும் ஷூவை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கடையில போட்டா பாதி விலைகூட வராது."

டீ குடிக்கப் போய்விட்டார்.

அவள் எழுந்தாள். தீவிர சிகிச்சை அறைக் கதவைத் தள்ளினாள். நர்ஸ் அடுத்த கட்டிலில் திரை போட்டு யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

முதலாளி கண்மூடிக் கிடந்தார். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாஸ்க். அதிலிருந்து போன குழாய் சுவரில் ஒரு சின்ன பித்தளைத் திருகில் முடிந்தது.

திருகு!

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. இந்த மழைக்காலம் முழுக்கத் திருகு திருப்பியே தோல் உரிந்துபோன கை அது. மெதுவாக நீட்டினாள். பிடித்தாள். இதைத் திருப்பிவிட்டால் அம்மா செத்த வீட்டுக்கு இப்பவாவது போகலாம். வாசலில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழலாம். யாரும் ஹார்ன் அடிக்க மாட்டார்கள்.

அவள் மணிக்கட்டில் ஐந்து விரல்கள் வந்து விழுந்தன!

முதலாளியின் கண்கள் திறந்திருந்தன.

"அதையாவது... ஒழுங்கா திருப்பித் தொலை," என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து.

அவள் கை தானாக விட்டுவிட்டது. அவர் கட்டிலோரத்து மணியை அழுத்தினார். நர்ஸ் ஓடி வந்தாள். பின்னாலேயே, பாதி டீயோடு இன்ஸ்பெக்டர்.

போச்சு! எல்லாம் போச்சு! அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர் குனிந்து. "இடது சக்கரத்தை யார் ஃப்ரீல விட்டது?"

முதலாளி அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நான்தான்."

இன்ஸ்பெக்டரின் டீ தளும்பியது.

"அவ ரெண்டையும் சரியாத்தான் திருப்பினா. எனக்குத்தான் சந்தேகம். இறங்கிப் போயி... இன்னொரு தடவை திருப்பினேன். தப்பான பக்கம் திருப்பிட்டேன் போல. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"சார்! உங்க ஷூல ஒரு பொட்டு சேறு இல்லையே?"

"என் ஷூவை எப்பவும் அவதான் துடைப்பா."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இது பச்சைப்பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அடிபட்டவனே இல்லை என்று சொல்லும்போது அவர் யாரைப் பிடிப்பது? டீயை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

நர்ஸும் டாக்டரைக் கூப்பிடப் போனாள். மனைவி சுவரை விட்டுக் கட்டிலருகே வந்தாள்.

"ஏங்க... எதுக்கு இப்படிச் சொன்னீங்க?"

"தினமும் ரெண்டு டக் கேக்கும். இன்னிக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு. மழைச் சத்தத்துல காதுல விழலைன்னு நெனச்சுட்டேன்." மூச்சு வாங்கினார். "எனக்கு இடுப்புக்குக் கீழ எதுவும் தெரியல. நீ ஜெயிலுக்குப் போயிட்டா என்னை யாரு பாத்துக்குவா? அங்க நேரத்துக்குச் சோறு போடுவான். தூங்க விடுவான். என்னிக்காவது ஒரு நாள் வெளிய விட்டுடுவான். நான் விடுவேனா?"

அவள் ஓடினாள். வராந்தாவில் ஓடினாள். படியில் இறங்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"சார்! நான்தான் சார் பண்ணேன்! வேணும்னேதான் விட்டேன். என்னைப் பிடிச்சுட்டுப் போங்க சார்!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார். சர்வீஸில் முதல் தடவையாக அவர் முகம் சுளிக்காமல் இருந்தது. முதலாளி சொன்னதை இப்போதுதான் மேலதிகாரிக்குப் போனில் சொன்னேன் என்றார். முதலாளியின் வாக்குமூலத்தோடு ஃபைலை மூடச் சொல்லிவிட்டார்களாம். புருஷன் இப்படிக் கிடக்கும்போது பெண்டாட்டி அதிர்ச்சியில் என்னென்னவோ புலம்பத்தான் செய்வாள் என்றும் சொன்னார்களாம்.

"கையை எடுங்கம்மா," என்றார் மெதுவாக. "என்கிட்ட இருக்குற லாக்கப்புக்கு ஒரு சாவியாவது உண்டு. அங்க போக உங்களுக்குக் குடுத்து வைக்கல."

ஷூப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அறைக்குள்ளிருந்து மணி அடித்தது.

இரண்டு தடவை.

அவள் கால்கள் தானாகத் திரும்பின. உள்ளே டாக்டர் முதலாளியின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் இனி வராது, இடது கையும் வராது என்று சொல்லி முடித்திருந்தார். மற்றபடி இதயம் கல்லு மாதிரி இருக்கிறது, இன்னும் முப்பது வருஷத்துக்குக் கவலையே இல்லை என்றார். நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் அவர் முகத்தில்.

"இப்பல்லாம் பேட்டரி நாற்காலி வந்திருக்கு சார். ஒரு பட்டனைத் தட்டினா போதும், தானா போகும். யார் தயவும் வேண்டாம். ஆர்டர் பண்ணிடட்டுமா?"

வாசலில் ஷூப் பையோடு நின்ற மனைவியை முதலாளி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஆட்டோமேட்டிக் வேண்டாம் டாக்டர். சாதா நாற்காலியே போடுங்க. தள்றதுக்குத்தான் ஆள் இருக்கே!"