மூன்றாம் நிலை நடிகர்

புதுப் பையனுக்கு விழுந்த கைதட்டல் ஓயவேயில்லை. இசக்கிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நெல்லை மருத்துவத் தேர்வு அரங்கில் இருபத்திரண்டு வருடமாக எச்.ஐ.வி. மூன்றாம் நிலை நோயாளியாக நடிப்பதென்றால் அவர்தான். நாக்கில் தயிரும் அரிசிமாவும் குழைத்துப் பூசி, கன்னத்தை உள்ளிழுத்து அவர் இருமினால் மாணவர்கள் மிரண்டுபோய்க் குறிப்பெடுப்பார்கள். நிஜ நோயாளிக்கு எங்கே போவது? எல்லோர் மணிக்கட்டிலும்தான் காப்புப்பட்டை இருந்ததே! கிருமி நுழைந்த சில வாரங்களில் வரும் காய்ச்சல், தொண்டைவலி, தோல் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டு என்ற முதல் நிலையிலேயே அது மோப்பம் பிடித்துவிடும். அன்றே மருந்து. அறிகுறியே காட்டாமல் வருடக்கணக்கில் பதுங்கும் இரண்டாம் நிலையும், உடம்பை உருக்கும் மூன்றாம் நிலையும் முப்பது வருடமாகப் பாடத்தில் மட்டும்தான்.

இன்று ரெக்ஸன் என்று ஒரு புதுப் பையன். எலும்பும் தோலுமாக உட்கார்ந்து மூச்சு வாங்கினான், அவ்வளவுதான். சுவரிலிருந்த மெய்காணி, அதாவது உடம்பைப் பார்த்தே நோயா நடிப்பா என்று சொல்லும் இயந்திரக் கண், அறிவித்தது: "நடிப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது."

இசக்கிராஜ் எண்பத்து நான்கைத் தாண்டியதில்லை. ஒப்பனை அறையில் அவனை மடக்கினார்.

"ஏ தம்பி, நாக்குல என்னத்தப் பூசியிருக்க?"

"ஒண்ணும் பூசலயே அண்ணாச்சி."

"தொழில் ரகசியமாக்கும்! வாயத் தொற."

பஞ்சால் துடைத்தார். தயிரென்றால் வழித்ததும் போய்விடும். இது பிய்ந்து வந்தது. அடியில் செக்கச்செவேலென்று புண், ரத்தம்.

"எடைய எப்பிடிக் கொறச்ச?"

"நான் எங்க கொறச்சேன்? ஆறு மாசத்துல பதினெட்டு கிலோ அதுவாப் போச்சு. காய்ச்சலும் நிக்கல, வயித்தால போறதும் நிக்கல. மூணு ஆஸ்பத்திரி ஏறி எறங்கிட்டேன். எல்லா மெய்காணியும் 'நடிப்பு பிரமாதம், தேர்வு அரங்குல ஆள் எடுக்காங்க'ன்னு அனுப்பிட்டு."

"பட்டை எங்கல?"

"ஆழ்கடல் சுரங்கத்துல ஒம்பது வருசம் வேலை. அழுத்தம் தாங்காதுன்னு எல்லாரையும் கழட்டச் சொல்லிட்டாங்க. திருப்பித் தரவே இல்ல."

நடிப்பே இல்லை இது! இசக்கிராஜ் ரத்தப் பஞ்சைப் பொத்திக்கொண்டார். அவனை அப்படியே தேர்வு அதிகாரி டாக்டர் பொற்கொடியிடம் இழுத்துப் போனார்.

"என்ன அண்ணாச்சி, பொறாமையா?" என்று சிரித்தவள் பஞ்சைப் பார்த்ததும் நிறுத்தினாள். ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட்டாள்.

"நடிகருக்கு அனுமதியில்லை" என்றது மெய்காணி. மூன்று முறை கேட்டும் அதே பதில். அது ஒப்பாமல் ஊசிப் பெட்டி திறக்காது, மருந்துப் பெட்டி திறக்காது. முப்பது வருடமாக நடிகர்களிடம் மட்டுமே மூன்றாம் நிலையைப் பார்த்துப் படித்த இயந்திரம்! மூன்றாம் நிலை என்றாலே அதற்கு நடிப்புதான்.

"முதல் நிலைய நம்பும்லா?" என்றார் இசக்கிராஜ் திடீரென்று.

"நம்பும். அதைத்தான் நிஜத்துல பாத்திருக்கு."

"அப்போ ஒப்பனை அறைக்கு வாங்க!"

மெய்காணி இல்லாத அந்த அறை இருபது நிமிடம் பறந்தது. ரெக்ஸனின் வயிற்றில் இரண்டு துண்டைச் சுற்றி, மேலே தன் தொளதொள சட்டையை மாட்டினார். கன்னத்துக்குப் பூச்சு, நெஞ்சில் சிவப்பு மையால் தடிப்பு. காய்ச்சலும் நெறிகட்டும் சொந்தச் சரக்கு.

"எச்சி முழுங்கயில மொகத்தச் சுளி. நாக்கக் காட்டிராத. சாகப்போறவன் மாதிரி பாக்காதல, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டவன் மாதிரி பாரு!"

மறுபடி மெய்காணி முன்னால் ரெக்ஸன் படுமோசமாக நடித்தான். சுளிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். சட்டைக்கடியில் துண்டு எட்டிப்பார்த்தது. இசக்கிராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல் நிலை. உண்மையான நோயாளி. நூற்றுக்கு நூறு."

மருந்துப் பெட்டிகள் படபடவென்று திறந்தன. பொற்கொடி ஊசியோடு பாய்ந்தாள். பத்தே நிமிடத்தில் ரத்தம் உண்மையைச் சொன்னது.

"பொழச்சுக்குவானா டாக்டர்?"

"இந்த நிலையிலயும் மருந்து கேக்கும், அண்ணாச்சி. இன்னும் ஒரு மாசம் போயிருந்தா சொல்ல முடியாது." அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "சுரங்கத்துல பட்டையக் கழட்டினது இவன் ஒருத்தன் மட்டும் இல்லையே?"

இசக்கிராஜ் ஜன்னலைத் திறந்தார். வாசலில் வாய்ப்புக் கேட்டு வந்தவர்கள் சுவரைப் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள். பதினோரு பேர். ஒவ்வொருவர் கையிலும் மெய்காணி கொடுத்த சான்றிதழ்: மிகச் சிறந்த நடிகர்.